ஊர்நாயும் உரியவரும்

விசயனும் அவன் தோழர்களும் இலங்கைக் கரையில் இறங்கிய கதையைச் சொல்லும் மகாவம்சம், அவர்கள் எதிர்ப்பட்டவற்றுள் ஒன்றாக ஒரு நாயையும் காட்டுகிறது. குவேனியின் ஏவலில் இருந்த இயக்கி ஒருத்தி நாயுருக் கொண்டு அவர்கள் முன் தோன்றினாள் என்பது கதை. இளவரசன் தடுத்தும் கேளாமல் தோழருள் ஒருவன் அந்த நாயின் பின்னே போனான். அதற்கு நூல் கூறும் காரணம் எளியது. ஊர் இல்லாத இடத்தில் நாய் இராது என்று அவன் எண்ணினான். ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் பாளி மொழியில் எழுதிவைக்கப்பட்ட இக்கதையில், இயக்கியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அம்மனிதனின் எண்ணத்திலோ பிழை காண இயலாது. இலங்கைக் காடுகளில் நரி உண்டு, சிறுத்தை உண்டு, கரடி உண்டு; இந்தியக் காடுகளில் திரியும் செந்நாய் இங்கு இல்லை. இத்தீவில் நாய் நிற்கும் இடமெல்லாம் மனிதன் நிற்கும் இடமே. நாய் ஒன்று உயிரோடிருந்தால், அதற்குச் சோறு வைத்த கை ஒன்று அண்மையில் எங்கோ உண்டு.

அந்தக் கை யாருடையது என்ற கேள்வியே இலங்கையில் நாய்களின் வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்கிறது. அதற்கு விடை தேடாமல் நாயை மட்டும் தேடிய காலம் நீண்டது. அதன் விலையை நாய்களும் கொடுத்தன, மனிதரும் கொடுத்தனர்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே திருகோணமலை வீதியில் செல்வோர் சிறிது நேரத்தில் ஏறாவூரை அடைவர். கிழக்கே புன்னைக்குடாக் கடற்கரை. மறுபுறம் மட்டக்களப்பு வாவியின் வடகோடியும், அதற்கப்பால் வயல் வட்டைகளும், அவற்றுக்கும் அப்பால் மேய்ச்சல் நிலங்களும் காடும். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த குடியிருப்புகளில் வாழும் ஊர் இது. பெயர்க்காரணம் பேசுவோர் முக்குவர், திமிலர் சண்டைக் கதையை எடுத்து விடுவர். அது வேறு பேச்சு. இங்கு கருதத்தக்கது, இந்நிலத்தின் ஒவ்வொரு தொழிலிலும் நாய்க்கு ஓர் இடம் இருந்தது என்பதே. சேனைப் பயிரையும் வட்டையில் விளைந்த நெல்லையும் காட்டுப்பன்றி உழுது தள்ளும். அட்டாளையில் கண்விழித்திருக்கும் காவற்காரனுக்கு இருட்டில் கண் தெரியாது. பன்றி வரும் திசையை நாயின் குரைப்பே காட்டும். மாட்டுப் பட்டியில் கன்றுகளை நரியும் சிறுத்தையும் அண்டாமல் பார்த்துக்கொள்வதும் நாயே. கடற்கரை வாடிகளில் மீனும் வலையும் காக்கும் வேலை அதற்கு உண்டு. மேற்கே காட்டோரங்களில் வாழ்ந்த வேடர்களுக்கோ வில்லுக்கு அடுத்த செல்வம் வேட்டைநாய். போடியாரின் வளவிலும் நாய் இருந்தது. கூலிக்காரனின் குடிசை வாசலிலும் இருந்தது.

நாயைத் தொழிலாளியாக மட்டுமன்றிப் பெயருடைய உயிராகவும் தமிழர் மதித்ததற்குக் கல்லில் சான்று உண்டு. தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆநிரை காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நடப்பட்ட அக்கல்லில், அவன் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்து, வீழ்ந்தவனைக் காத்து நின்றது என்றும் எழுத்துகள் கூறுகின்றன. எத்தனையோ சிற்றரசர்களின் பெயர்கள் அழிந்துபோன மண்ணில் ஒரு மாட்டுப்பட்டி நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிலைத்து நிற்பது வியப்பே.

நாயை அணைப்பதிலும் விலக்குவதிலும் சமயங்களுக்குத் தத்தம் முறை உண்டு. மரத்தடியில் சூலம் நாட்டி வைரவரை வழிபடும் தமிழருக்கு நாய் வைரவரின் வாகனம். ஆயினும் வீட்டினுள் அதனைச் சேர்ப்பது பழைய வழக்கமன்று. ஏறாவூர் முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் அசுத்தம். அது பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் சேர்த்துக் கழுவ வேண்டும். இதைக் கொண்டு முஸ்லிம்களுக்கு நாய் ஆகாது என்று முடிவு கட்டுவோர் மற்றொரு பாதியை அறியாதவர். காவலுக்கும் மந்தைக்கும் பயிருக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க அதே மார்க்கம் இடம் தருகிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் மொண்டு, அதனை வாயில் கௌவிக்கொண்டு ஏறிவந்து ஊட்டிய மனிதனை இறைவன் மன்னித்தான் என்ற செய்தி ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. தொடுவதில் விலக்கும் துன்புறுத்துவதில் தடையும் ஒருங்கே நிற்கும் இம்முறையை அறிந்தவர்களுக்கு, வயலில் நாயும் வீட்டில் தூய்மையுமாக வாழ்வதில் தடுமாற்றம் இருந்ததில்லை.

தடுமாற்றம் தொடங்கியது பட்டணங்களில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர் எமர்சன் டெனன்ட். இந்நாட்டின் உயிரினங்களைப் பற்றி 1861இல் அவர் வெளியிட்ட நூலில் தெருநாய்களுக்கு ஒரு பகுதி உண்டு. எலும்பும் தோலுமாய், சொறி பிடித்து, உரிமை கொண்டாட எவருமின்றி அவை திரிந்ததைச் சொல்லி, அன்பான ஒரு சொல் கேட்டாலே அவை மனிதனை ஒட்டிக்கொள்வதையும் அவர் எழுதுகிறார். அவர் தரும் அடுத்த செய்தி கசப்பானது. ஆண்டுக்கொரு முறை அரசாங்கம் நாய்களைக் கொல்வதற்குப் பரிசு அறிவிக்கும். விபத்து நேரும் என்று துப்பாக்கி தடுக்கப்பட்டிருந்தமையால் தடியே கருவி. எந்த வாசற்படியில் சோறு கிடைக்கும் என்று நாய் பழகியிருந்ததோ, அதே வாசற்படியில் அது அடிபட்டுச் செத்தது. இவ்வளவு செய்தும் நாய்கள் குறையவில்லை. ஏன் என்பதற்கும் டெனன்ட் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். பரிசுப் பணத்துக்காகக் குதிரைக்காரர்களே நாய்களை வளர்த்துப் பெருக்கினர் என்று நம்ப இடமுண்டாம். நாயின் தலைக்கு விலை வைத்தால் நாய் ஒரு விளைபொருளாகிவிடும் என்பதை ஆட்சியாளருக்குக் குதிரைலாயம் கற்றுக்கொடுத்தது.

டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக வந்தபோது வேறு வழி ஒன்றைச் சோதித்தார். 1848இல் அவர் விதித்த புதிய வரிகளுள் நாய்வரியும் ஒன்று. துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி. வீதி அமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உடலுழைப்பு, அல்லது அதற்கீடான பணம். இவற்றோடு நாய்க்கும் வரி. வரி விதித்தால் வேண்டாத நாயை எவரும் வைத்திருக்கமாட்டார் என்பது கணக்கு. இலண்டனில் மடியில் நாய் வளர்க்கும் சீமாட்டிக்கு அக்கணக்குப் பொருந்தலாம். சேனைக்காவலுக்கு இரண்டு மூன்று நாய் வைத்திருக்கும் குடியானவனுக்கு நாய்வரி என்பது மண்வெட்டிக்கு வரி போட்டது போன்றது. அவ்வாண்டு யூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சியின் காரணங்களுள் இவ்வரிகள் முதன்மையானவை. புரன் அப்பு 1848 ஓகத்து 8ஆம் நாள் கண்டியில் சுடப்பட்டு இறந்தார். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். டொரிங்டனும் 1850இல் பதவி இழந்து திரும்பினார். நாய் வளர்ப்போர் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற கருத்து இந்நாட்டில் முதன்முதலாக வரிகாரனின் உருவத்தில் வந்தது. அதனால் அக்கருத்துக்கே கெட்டபெயர் ஏற்பட்டது.

இதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன் பம்பாயிலும் இத்தகைய பிழை ஒன்று நேர்ந்தது. தெருநாய் ஒன்றுக்கு எட்டணா வீதம் பரிசு கொடுக்கப்பட்டது. பணத்துக்கு ஆசைப்பட்டவர்கள் தெருவில் நாய் கிடைக்காதபோது வீட்டுநாய்களையும் இழுத்துப்போயினர். நாயைப் போற்றும் பார்சி மக்கள் 1832 யூன் 6ஆம் நாள் கடைகளை அடைத்துக் கிளர்ந்தெழுந்தனர். சென்னையிலும் 1860இல் தொடங்கிய நாய்க்கொலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, 1990களில் நாளொன்றுக்கு 135 வரை ஏறியது. கொல்லக் கொல்ல நாய் பெருகியதேயன்றிக் குறையவில்லை. நீலச்சிலுவைச் சங்கத்தார் 1964 முதல் வலியுறுத்தி வந்த கருத்தடை முறையை மாநகராட்சி 1996இல் ஏற்றபின்பே அங்கு கொலை நின்றது.

நாய்க்கொலைக்கு ஆட்சியாளர் கூறிய காரணம் வெறுங்காரணம் அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விசர்நாய்க்கடி மெய்யாகவே கொடிய நோய். நோயுற்ற நாயின் எச்சிலில் உள்ள நுண்கிருமி காயத்தின் வழியே உட்புகுந்து, நரம்புகளின் வழியாக மூளையை நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஒன்றும் தெரியாது. பின் காய்ச்சல், கடிபட்ட இடத்தில் குறுகுறுப்பு, அச்சம், நீரைக் கண்டாலே தொண்டை இறுகும் வேதனை. குறிகள் தோன்றியபின் பிழைத்தோர் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. மாடும் ஆடும் இதற்கு விலக்கல்ல; ஒரு விசர்நாய் பட்டியினுள் புகுந்தால் உடையவனின் முதலே அழிந்துவிடும்.

1885 யூலை 6ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்டர், யோசேப்பு மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது மருந்தை ஏற்றத் தொடங்கினார், சிறுவன் பிழைத்தான். அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. மருந்து பரவுவதற்குக் காலம் பிடித்தது. இந்தியாவில் முதற் பாஸ்டர் நிலையம் இமயமலைச் சாரலில் கசௌலி என்ற ஊரில் 1900இல் திறக்கப்பட்டது. தெற்கே கடிபட்டவர்கள் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டும். 1902இல் ஓர் இளம் ஆங்கிலப் பெண் இந்நோயால் இறந்தது சென்னை மாகாணத்தையே உலுக்கியது. அதன்பின் திரட்டிய பொருளையும், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையையும் கொண்டு நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907இல் எழுந்தது. பெயர் அறியப்படாத ஏழைக் குழந்தைகள் எத்தனையோ அதற்குமுன் இறந்திருக்கும். மருந்தகம் எழும்புவதற்கு, பெயர் தெரிந்த ஒருத்தியின் மரணம் தேவைப்பட்டது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆக்கிய மருந்து ஆட்டுமூளையிலிருந்து எடுக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று கிழவர்கள் இன்றும் சொல்லி நடுங்குவது இதனையே. சிலருக்கு அம்மருந்தே நரம்புகளைத் தாக்கி முடமாக்கியதும் உண்டு. 1990களில் இலங்கை அதனைக் கைவிட்டு, உயிரணுக்களில் வளர்த்தெடுக்கும் பாதுகாப்பான தடுப்பு மருந்துக்கு மாறியது. இன்று ஊசி தோளிலோ புயத்திலோ போடப்படுகிறது. வயிற்றில் ஒன்றும் இல்லை. பழைய அச்சம் மட்டும் சில வீடுகளில் மிச்சமிருந்து, கடிபட்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்கிறது.

இலங்கையில் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலும் பிறந்தன. நோய் ஐயமுள்ள நாயைக் கட்டிவைப்பதும், ஆண்டுதோறும் நாயைப் பதிந்துகொள்வதும் உடையவரின் கடமை என்று அவை விதித்தன. எழுத்தளவில் குறையொன்றுமில்லை. நடைமுறையில், பதியாத நாயைப் பிடிப்பது எளிதாகவும், பதியாத மனிதனைப் பிடிப்பது கடினமாகவும் இருந்தமையால், சட்டத்தின் முழுப்பாரமும் நாயின் மேலேயே விழுந்தது. நாய்பிடிகாரனின் வண்டி தெருவில் தோன்றினால், அதுவரை நாய்க்குச் சோறிட்டவர்கள் அது தம்முடையதன்று என்று கூறிவிடுவர்.

உடையவரைப் பிடித்த நாடுகளில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். பிரித்தானியாவில் 1890களின் இறுதியில் நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயமாக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்கள் தனித்து வைக்கப்பட்டன. உடையவர்கள் முணுமுணுத்தனர், கூட்டம் கூடி எதிர்த்தனர், இறுதியில் கட்டுப்பட்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி என்ற ஒன்று வழக்கத்துக்கு வருமுன்பே, 1902இல், அத்தீவு இந்நோயினின்றும் விடுபட்டது. 1906இல் அங்கு வந்த நாய்கள் சட்டம் மற்றொரு நுட்பத்தைச் சேர்த்தது. ஒரு வீட்டிலோ வளவிலோ நாய் தங்கவிடப்பட்டால், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அவ்வீட்டில் குடியிருப்பவரே அதற்கு உரியவராகக் கொள்ளப்படுவார். என் நாயன்று என்ற பேச்சுக்கு அங்கு இடம் குறைந்தது. யப்பான் 1950இல் சட்டம் இயற்றி, நாய்களைப் பதிவதையும் ஆண்டுதோறும் ஊசி ஏற்றுவதையும் கட்டாயமாக்கி, கட்டாக்காலி நாய்களையும் கட்டுப்படுத்தி, ஏழே ஆண்டுகளில், 1957இல், நோயை ஒழித்தது. இரண்டும் தீவுகள், இலங்கையும் தீவே.

இலங்கைக்கு விழிப்பு ஏற்பட்டது துயரத்தின் உச்சியில். 1973ஆம் ஆண்டு ஒன்றிலேயே இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாளுக்கு ஒருவருக்கு மேல். 1975இல் தேசிய அளவில் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. நாய்களுக்குப் பெருமளவில் ஊசி ஏற்றுவதும், கடிபட்டோருக்கு இலவசமாக மருத்துவம் செய்வதும் அதன் கைகள். அலையும் நாய்களை அழிப்பதும் நெடுங்காலம் தொடர்ந்தது. 2006இல் அரசாங்கம் அதனை நிறுத்தி, ஊசிக்கும் கருத்தடைக்கும் முதலிடம் கொடுத்தது. கொல்வதை நிறுத்தினால் நோய் பெருகும் என்று அஞ்சியவர் பலர். அவ்வாறு நடக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் மரணங்கள் ஆண்டொன்றுக்கு இருபதுக்கும் முப்பதுக்கும் இடையே, சில ஆண்டுகளில் அதற்குச் சற்று மேலுமாக நிற்கின்றன.

இதன் காரணம் கணக்கில் அடங்கியது. ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏற்றப்பட்டிருந்தால், நோயுற்ற நாய் ஒன்று மற்றொன்றைக் கடித்து நோயைத் தொடரச் செய்யும் சங்கிலி அறுந்துபோகிறது. நாய்களைக் கொல்லும்போதோ, ஊசி ஏற்றிய நாயும் ஏற்றாத நாயும் ஒருங்கே சாகின்றன. அடங்கி நிற்கும் நாயே பிடிபடுவது எளிதாகையால், மனிதனை நம்பிப் பழகிய, ஒருவேளை ஊசியும் பெற்ற நாயே முதலில் போய்விடும். வெற்றிடமான தெருவுக்கு அயலூர் நாய்களும் புதுக்குட்டிகளும் வந்து சேரும். அவற்றுள் ஊசி பெற்றது ஒன்றும் இராது. கொன்றவர்கள் காவலைக் கலைத்துவிட்டுப் பகைவனுக்குக் கதவைத் திறந்து வைத்தனர்.

ஏறாவூர்ப் பகுதியில் இக்கணக்கு எங்கே இடறுகிறது என்பதைக் காண்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. மீன் வெட்டும் இடத்திலும் சந்தை ஓரத்திலும் சோற்றுக்கடை வாசலிலும் நிற்கும் நாயைக் கேட்டால், அது ஊர்நாய். காலையில் ஒரு வீட்டில் பழஞ்சோறு, நண்பகலில் ஒரு கடையில் மீன்தலை, இரவில் வேறொரு வளவில் காவல். மூன்று வீட்டாரும் அதனை அறிவர். மூவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவுங்கூடும். ஊசி ஏற்றும் நாளில் அதனைப் பிடித்து நிறுத்த மட்டும் மூவரில் ஒருவரும் இல்லை. உரியவர் இல்லாத நாய் என்று இதனைச் சொல்வது பொருந்தாது. உரியவர் மூவர் இருந்து, ஒருவரும் ஒப்புக்கொள்ளாத நாய் இது.

குட்டிகளின் கதை இதனினும் கொடிது. பெண்நாய் ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டுக்கு இருமுறையும் ஈனக்கூடும். ஓர் ஈற்றில் நான்கு, ஆறு, எட்டு. ஆண்குட்டிகளைக் கேட்டு வாங்குவோர் உண்டு. பெட்டைக்குட்டிகள் சாக்கில் ஏறி, இரவோடிரவாகச் சந்தைக்கும் பாலத்தடிக்கும் கோவில் வீதிக்கும் அயலூருக்கும் போய்ச்சேரும். கொல்லவில்லை, பிழைக்க விட்டோம் என்று விட்டவர் மனத்தைத் தேற்றிக்கொள்வார். பால்குடி மறவாத குட்டிகள் வீதியில் வண்டிச் சக்கரத்திலும் பசியிலும் சாகும். எஞ்சிய ஒன்றிரண்டு பெட்டைகள் வளர்ந்து அடுத்த ஆண்டின் குட்டிகளை அங்கேயே ஈனும். தாய்நாய்க்கு ஒருமுறை செய்யும் கருத்தடை இத்தனை சாக்குகளையும் இல்லாமற் செய்யும். மிருக வைத்தியர்கள் அதனைத் திறம்படச் செய்கின்றனர். சில நாள் கட்டிவைத்துக் காயத்தைப் பார்த்துக்கொள்வதே உடையவரின் வேலை.

மட்டக்களப்பு மண் பலமுறை பெயர்ந்த மண். 1978 நவம்பர் 23ஆம் நாளின் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோயிற்று. 1990இன் கொலைகள் ஏறாவூர் மறக்க முடியாத வடு. 2004 திசம்பர் 26இல் கடல் எழுந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களை நோக்கி நாயை ஏன் விட்டுச்சென்றீர் என்று கேட்பது அறமாகாது. ஆயினும் அத்தகைய காலங்களில் பாழ்பட்ட வளவுகளில் எஞ்சும் நாய்கள் கூட்டமாகி, ஊசியின்றிப் பெருகுவதும், திரும்பி வருவோரின் குழந்தைகள் முதலில் அவற்றை எதிர்ப்படுவதும் எங்கும் நடப்பவை. சுகாதாரப் பகுதியினர் தற்காலிக முகாம்களுக்குக் குடிநீரைக் கொண்டுபோகும் அதே கையோடு நாய்களுக்கு ஊசியையும் கொண்டுபோவது இதனாலேயே.

ஊசி ஏற்றிய நாய் நலமான நாய் என்றும் சொல்லிவிட முடியாது. 1978 அளவில் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ என்ற குடல்நோய், இரத்தக் கழிச்சலில் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். அதற்கும் தனியான தடுப்பூசி உண்டு. உண்ணி பற்றிய நாய் உண்ணிக்காய்ச்சலில் மெலியும். குடற்புழுக்களில் சில, நாய் மலம் கலந்த மணலில் விளையாடும் குழந்தைகளையும் பற்றும். இரண்டு முழச் சங்கிலியில் வெயிலில் கட்டுண்ட நாய், பாதுகாப்பில் இருப்பதாக உடையவர் நினைப்பார். நிழலும் நீரும் இன்றி, யாரைக் கண்டாலும் பாயும் கடிநாயாக அது மாறுவதை அவர் அறியார். வளவுக்கு வேலியும் நாய்க்கு நீர்ச்சட்டியும் பெருஞ்செலவல்ல. திருகோணமலை வீதியில் வாகனங்களின் வேகம் கூடிய பின், படலை திறந்து கிடக்கும் வீடுகளின் நாய்கள் நோயினாலன்றிச் சக்கரத்தினால் சாவதே மிகுதி எனத் தோன்றுகிறது.

கடி நேர்ந்தபின் செய்யத்தக்கது பற்றி ஐயத்துக்கு இடமில்லை. ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, பச்சிலைச்சாறு ஒன்றும் அதில் படலாகாது. அன்றே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், மருந்து இலவசம். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடுவது ஊர்வழக்கம். அது மருத்துவரின் கையிலிருந்த சான்றைப் பறிப்பதாகும். நாயைக் கட்டிவைத்துப் பத்துப் பதினான்கு நாள் பார்த்தால், கடித்த வேளையில் அதன் எச்சிலில் நோய் இருந்திருக்குமாயின் அந்நாள்களுக்குள் அது குறி காட்டிச் செத்துவிடும். நலமாக இருந்தால் கடிபட்டவரின் வீடு நிம்மதியாக உறங்கலாம். கீறல் சிறிது என்று விட்டுவிட்ட குழந்தைகளும் பலியாகின்றனர். உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். நாயால் வரும் இம்மரணத்தை 2030க்குள் இல்லாமற் செய்வது என்று உலக சுகாதார நிறுவனமும் துணை நிறுவனங்களும் குறி வைத்துள்ளன.

ஊசி ஏற்றும் நாளில் அலுவலர் ஒரு மரத்தடியில் மேசை போட்டு அமர்கிறார். கயிற்றிலும் தோளிலும் சாக்கிலும் நாய்கள் வருகின்றன. ஊசி போட்டதற்கு அட்டை ஒன்று எழுதிக் கொடுக்கப்படும். நிறம், பால், வயது என்று கேட்டுக்கொண்டே வரும் அலுவலர், உரியவரின் பெயர் என்னும் இடத்துக்கு வந்ததும் தலைநிமிர்ந்து பார்க்கிறார். ஊர்நாயைப் பிடித்துவந்த சிறுவன் சற்று விழித்துவிட்டு, தன் பெயரையே சொல்கிறான்.